ஜீப்பின் பின்பக்கம்: பம்பர், ஸ்டெப்னி, சட்டம்

2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் முன் ஒரு முறையீடு வந்தது. மஹிந்திரா நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் ஆபர்ன் ஹில்ஸில் தயாரித்து விற்ற ‘ராக்ஸர்’ என்னும் வண்டி தன் ஜீப்பின் தோற்றத்தைக் களவாடிவிட்டது என்று ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் குற்றம் சாட்டியிருந்தது. செங்குத்துப் பிளவுகள் கொண்ட முன்தட்டு, வெளியே தெரியும் பானெட் கொக்கிகள், தட்டையான மட்கார்டுகள், பெட்டி போன்ற உடல் என ஆறு கூறுகளைச் சுட்டி, அவற்றின் சேர்க்கையே ஜீப்பின் அடையாளம் என்று அந்நிறுவனம் உரிமை கோரியது. 2020-இல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக அமைந்தது; ராக்ஸரின் முகம் மாற்றி வரையப்பட்டது.

அந்த ஆறு கூறுகளில் பின்பம்பர் இல்லை. யாரும் அதைத் தம் கையெழுத்தாகக் கருதவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். 1940 முதல் இன்றுவரை ஜீப் வகை வண்டிகளில் அதிகம் மாறியதும், உரிமையாளர்களாலும் பட்டறைக்காரர்களாலும் மிகத் தாராளமாக மாற்றப்பட்டதும் பின்பக்கத்தின் அந்த ஒரு முழம் இரும்புதான். இன்று இந்தியாவில் தார், ஜிம்னி, குர்க்கா போன்ற வண்டியை வாங்கி, நிறுவனம் தந்த பின்பம்பரைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் வேறொன்றைத் தேடுபவர், தம்மை அறியாமலே எண்பது ஆண்டு விவாதம் ஒன்றுக்குள் நுழைகிறார். வண்டியின் பின்பக்கம் எதற்காக இருக்கிறது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பவை அவ்விவாதத்தின் இரு கேள்விகள். முதல் கேள்விக்குப் பொறியியலும் இரண்டாவதற்குச் சட்டமும் விடை தந்துவந்திருக்கின்றன. அவ்விரு விடைகளும் ஒன்றையொன்று விட்டு எப்படி விலகின என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் செய்தி.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் இலகுவான உளவு வண்டி ஒன்றுக்காக 135 நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கோரியது. வண்டியின் எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அது நடக்கக்கூடியதாக இல்லை. கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்து பாண்டம் நிறுவனம் 1940 செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்த மாதிரியும் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. பின்னர் பெருந்தொகையில் தயாரான வில்லிஸ் எம்.பி. ஏறத்தாழ 1,100 கிலோ. எல்லை தளர்ந்தபோதிலும் எடையைப் பற்றிய அச்சம் வடிவமைப்பில் தங்கிவிட்டது. அதன் தடயத்தை ஜீப்பின் பின்பக்கத்தில் இன்றும் படிக்கலாம்.

வில்லிஸ் ஜீப்புக்கு முழுநீளப் பின்பம்பர் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரு குட்டை இரும்புத் துண்டுகள் மட்டுமே இருந்தன. நடுவிலிருந்த வெற்றிடம் இழுவைக் கொக்கிக்கு உரியது. கால் டன் சுமைவண்டியையோ 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியையோ அக்கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். வலப்பக்கம் மாற்றுச் சக்கரமும், பின்னர் இடப்பக்கம் எரிபொருள் கலமும் பின்பலகையில் ஏறின. பின்னாலிருந்து வரும் இடியைத் தாங்குவது அந்தப் பின்பக்கத்தின் முதன்மை வேலையாக இருக்கவில்லை. இழுப்பதும் சுமப்பதுமே அதன் வேலைகள். இழுவையின் விசை தகட்டு உடலுக்குப் போகாமல் சேஸிஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கு நேராகப் போனது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்பவருக்கு 2020-களின் கடைத்தெருவில் பாதி ஏமாற்றங்கள் குறையும்.

பின்பலகையில் தொங்கிய இரண்டு பொருள்களும் மொழிக்கு இரண்டு சொற்களைத் தந்தன. ‘ஜெர்ரி கேன்’ என்பது 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் கலம். ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்று அழைத்துவந்த பிரிட்டிஷ் வீரர்கள், கைப்பற்றிய கலத்துக்கும் அப்பெயரையே வைத்தார்கள். பகைவனின் பாத்திரத்தை நகலெடுத்து, பகைவனின் பட்டப்பெயரோடு தன் வண்டியில் மாட்டிக்கொண்ட படை அது.

‘ஸ்டெப்னி’யின் கதை இன்னும் சுவையானது. தொடக்ககாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே இல்லை. டயர் வெடித்தால் சாலையோரத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவரும் அவருடைய சகோதரரும் 1904-இல், ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின் மேல் இறுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. பிரிட்டனில் அச்சொல் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்ட்டாவிலும் அது வாழ்கிறது. பிரேசிலின் போர்த்துகீசியத்தில் ‘எஸ்டெப்பி’ ஆகியிருக்கிறது. தமிழில் ‘ஸ்டெப்னி மாத்தணும்’ என்றால் சக்கரம் மாற்றுவதற்கே பெயர். ஆள் இல்லாதபோது மட்டும் தேடப்படுபவரைக் கேலியாக ‘ஸ்டெப்னி’ என்று சொல்லும் வழக்கும் உண்டு. (‘பம்பர்’ என்பதற்குத் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள் லாட்டரிக் குலுக்கலாக இருக்கவும் கூடும். அது ஆங்கிலத்தில் விளிம்புவரை நிறைந்த கோப்பையைக் குறித்து, பின் பெரியது என்ற பொருளுக்கு விரிந்த சொல்வழி வந்தது. இடிதாங்கிக்கும் அதற்கும் தொடர்பைத் தேட வேண்டியதில்லை.)

ஸ்டெப்னி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் போருக்குப் பிந்தைய ஜீப் முதலில் மாறியது. 1945-இல் வில்லிஸ் வெளியிட்ட குடிமக்களுக்கான சி.ஜே. 2ஏ உழவர்களை மனத்தில் வைத்து விற்கப்பட்டது. மூட்டை ஏற்ற வேண்டுமென்பதால் பின்பலகை இறங்கும் கதவாயிற்று; அதனால் ஸ்டெப்னி வண்டியின் பக்கவாட்டுக்குப் போனது. உழுகருவியை இழுக்கப் பின்னால் இழுவைச் சட்டம் கிடைத்தது. விரும்பினால் எஞ்சின் விசையைப் பின்னுக்குக் கொண்டுவந்து இயந்திரங்களை ஓட்டும் ஏற்பாடும் உண்டு. போர் முடிந்து சில மாதங்களுக்குள் ஜீப்பின் பின்பக்கம் முற்றிலும் வேறாகிவிட்டது. அதில் எது ‘மூல வடிவம்’ என்று கேட்டால், போர்க்கால வீரருக்கும் ஒஹாயோ உழவருக்கும் விடை ஒன்றாக இருந்திருக்காது.

இந்தியாவுக்கு வந்தது இந்த இரண்டாவது மரபு. 1945-இல் தொடங்கிய மஹிந்திரா அண்டு முகம்மது நிறுவனம் 1947-இல் 75 ஜீப்புகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டியது. மறு ஆண்டு அதன் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆயிற்று. பின்னர் வந்த சி.ஜே. 3பி மாதிரி, அமெரிக்காவில் நின்றுபோன பிறகும் இந்தியாவில் பல பதிற்றாண்டுகள் பல பெயர்களில் தொடர்ந்தது. அதே காலத்தில், 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான லேண்ட் ரோவரும் இந்நாட்டு மலைகளுக்கு வந்து சேர்ந்தது. லேண்ட் ரோவரின் பின்பக்கம் இன்னொரு பாடம். அதில் சேஸிஸின் கடைசிக் குறுக்குச் சட்டமே அகன்று வெளியே தெரியும்படி நிற்கிறது. இழுவைக் கொக்கியும் அதிலேயே பூட்டப்படும். இடி விழுந்தாலும் அதிலேயே விழும்.

இந்தியச் சாலைகள் ஜீப்பின் பின்பக்கத்துக்கு வடிவமைப்பாளர் எவரும் நினைத்திராத மூன்றாவது வேலை ஒன்றைக் கொடுத்தன. பேருந்து போகாத ஊர்களுக்கு ஜீப்பே பேருந்தாயிற்று. ஒடிசாவிலும் வங்காளத்திலும் இந்துஸ்தான் மோட்டார்ஸின் டிரெக்கர், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் மஹிந்திரா கமாண்டர், இடுக்கியின் ஏலத்தோட்டச் சாலைகளில் பழைய மேஜர் என்று எங்கும் ஒரே காட்சிதான். உள்ளே எதிரெதிர் பெஞ்சுகளில் எட்டுப் பேர்; பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பவர் நால்வர். அந்த நால்வர் நிற்பது பின்பம்பரில்! பட்டறைக்காரர் இரும்புச் சேனலை வெட்டி, மேலே பள்ளம்பள்ளமான தகட்டைப் பற்றவைத்து, சேஸிஸின் முனைகளில் பூட்டியது பெயரளவில் பம்பர், பயனளவில் படிக்கட்டு. அதை விரும்பியது வண்டி உரிமையாளர் மட்டுமல்லர். வேறு வண்டி இல்லாத பயணியும் விரும்பினார். இந்திய ஊர்தி வரலாற்றை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து எழுதுபவர்களின் கண்ணுக்கு இந்தப் படி அகப்படுவதில்லை. ஆனால் வெளிச்சந்தைப் பின்பம்பரின் இந்தியத் தொடக்கம் அதுதான் என்பதை மறுக்க முடியாது.

அந்தப் பட்டறைகளின் கைத்திறன் பின்னாளில் தனித்தொழிலாக வளர்ந்தது. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்து மண்டி டப்வாலி, மாற்றியமைத்த ஜீப்புகளுக்கென்றே நாடறிந்த ஊராயிற்று. பழைய ஜீப்பின் சேஸிஸ், வேறொரு வண்டியின் எஞ்சின், அங்கேயே அடித்த உடல், வாங்குபவர் விருப்பப்படி முன்னும் பின்னும் பம்பர் என்று முழு வண்டியே அங்கு தைத்துத் தரப்பட்டது. தையற்கடைக்கும் ஆயத்த ஆடைக்கும் உள்ள உறவே டப்வாலிக்கும் தொழிற்சாலைக்கும் இருந்தது. தையற்காரர் அளவெடுத்த உடை சட்டவிரோதமாகும் காலம் ஒன்று வரும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அது எப்படி வந்தது என்பதை மூன்று சட்ட வாசகங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெரியும்.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் இனிச் சரியானவையாக இராதபடி வண்டியை மாற்றக் கூடாது என்றது. மாற்ற விரும்புபவர் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, அவர் ஒப்புதலைப் பெற்றால் மாற்றலாம். அதிலும் ஒரு விலக்கு உண்டு. துணைப்பாகங்களைச் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ வண்டியின் வெற்றெடையில் ஏற்படும் மாற்றம், சான்றில் உள்ள எடையில் 2 சதவீதத்துக்கு மிகாவிட்டால் ஒப்புதலே தேவையில்லை. 1,100 கிலோ ஜீப்புக்கு அது 22 கிலோ. மிதமான ஒரு சேனல் பம்பரின் எடையும் ஏறத்தாழ அதுதான். சட்டம் வகுத்தவர்கள் பம்பரை நினைத்து அதை எழுதினார்கள் என்பதற்கில்லை. ஆயினும் பட்டறைப் பம்பர் நுழைந்து செல்லும் அளவுக்கு ஒரு கதவை அவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 52-ஆம் பிரிவில் ஒப்புதல் முறையையும் இந்த 2 சதவீத விலக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

2000-ஆம் ஆண்டுத் திருத்தம் வாசகத்தை மாற்றியது. பதிவுச் சான்றின் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது புதிய வாசகம். மேலோட்டமாகப் பார்த்தால் சிறு திருத்தம். ஆனால் வாக்கியத்தின் அளவுகோல் முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது. பழைய வாசகத்தில் ஒப்பீடு வண்டிக்கும் தாளுக்கும் இடையில் நடந்தது: வண்டி ஒன்று சொல்ல, தாள் வேறொன்று சொல்லக் கூடாது, வண்டி மாறினால் தாளையும் மாற்றிக்கொள்ளலாம். புதிய வாசகத்தில் ஒப்பீடு வண்டிக்கும் தயாரிப்பாளருக்கும் இடையில் நடக்கிறது. அங்கே திருத்திக்கொள்ள எந்தத் தாளும் இல்லை. முன்பு குற்றமாக இருந்தது பொய்ப்பதிவு. இப்போது குற்றம், விலகல். இவ்விரண்டும் வெவ்வேறு வகைக் குற்றங்கள்.

திருத்தத்தோடு சேர்ந்த விளக்கக் குறிப்பு, ‘மாற்றம்’ என்பது வண்டியின் அடிப்படைக் கூறு மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று பொருள் வரையறுக்கிறது. பம்பர் அடிப்படைக் கூறா? பதிவுச் சான்றில் பம்பருக்கு வரி கிடையாது. ஆனால் வெற்றெடைக்கு வரி உண்டு. 20 கிலோ பம்பரும் 80 கிலோ பம்பரும் இந்த வினாவுக்கு ஒரே விடையைப் பெற முடியாது என்பதைப் பழைய 2 சதவீதம் அறிந்திருந்தது. புதிய வாசகம் அதைச் சொல்லவில்லை.

2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளில் அனுமதியின்றிப் பொருத்தும் இடிதடுப்புக் கம்பிகள் பாதசாரிகளுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்றும், அவை 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில், தயாரிப்பாளரின் மூலக் குறிப்புகளிலிருந்து விலகும்படி வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, உயர் நீதிமன்றத்தின் நெகிழ்வான விளக்கத்தை ஒதுக்கியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்து, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளர்மேல் தண்டனையை வைத்தது.

அமெரிக்காவில் வரலாறு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அங்கே 1973 மாடல் ஆண்டு முதல் கார்களின் பம்பர் குறைந்த வேக இடியைச் சேதமின்றித் தாங்க வேண்டும் என்ற விதி வந்தது. ஜீப், பிக்கப் போன்றவை அவ்விதிக்கு வெளியே நின்றன. அந்த இடைவெளியில்தான் தடித்த தகட்டுப் பின்பம்பர்களின் பெருஞ்சந்தை வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் கங்காருவும் நெடுந்தூரமும் அதே வேலையைச் செய்தன. 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் அந்தத் தேவையிலிருந்து உலகச் சந்தைக்குப் போனது. இந்தியாவில் இன்று விற்கும் பின்பம்பர்களின் வடிவமொழி பெரிதும் அவ்விரு நாடுகளிலிருந்து கடன் வாங்கியது. சரிந்த முனை, கொளுவி மாட்டும் காதுகள், கீலில் சுழலும் ஸ்டெப்னித் தாங்கி ஆகிய எல்லாம் வந்தன. அவை எந்தச் சட்டச் சூழலில் பிறந்தன என்ற செய்தி மட்டும் கூடவே வரவில்லை.

2020 அக்டோபரில் புதிய தார் விற்பனைக்கு வந்ததும் இந்தச் சந்தை வேறு அளவை எட்டியது. பழைய ஜீப்பின் பக்கம் எட்டிப் பார்த்திராத நகரத்தவர்கள் வாங்கினார்கள். கரோல் பாக் முதல் பெங்களூரு ஜே.சி. சாலை வரை கடைகளில் பின்பம்பர் அழகுப் பொருளாயிற்று. வாங்குபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் தோற்றத்தைத்தான். கேட்க வேண்டியவை வேறு. அவற்றை வில்லிஸின் பின்பக்கமே கற்றுத்தருகிறது.

முதலாவது, பின்பக்கத்தின் கோணம். பள்ளத்திலிருந்து வண்டி ஏறி வெளிவரும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி தரையில் இடிக்காமல் எவ்வளவு சரிவைத் தாங்கும் என்பதை ‘டிபார்ச்சர் ஆங்கிள்’ என்பார்கள். தாருக்கு நிறுவனம் சொல்வது 36.8 பாகை, ஐந்து கதவு ஜிம்னிக்கு 47 பாகை. கீழ்விளிம்பு தாழ்ந்த, பின்னே நீண்ட கனத்த பம்பர் இந்த எண்ணைத் தின்றுவிடும். காட்டுவழிக்கென்று வாங்கிய பம்பரே காட்டுவழியில் முதலில் தரைதட்டும் வேடிக்கை அப்படி நேர்வது. ஜிம்னி உரிமையாளர் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். அவ்வண்டியில் நிறுவனமே கொடுத்திருக்கும் கோணம் மேம்படுத்த வேண்டிய நிலையில் இல்லை.

இரண்டாவது எடை. 60 கிலோ பம்பரும் தாங்கியும் தாரின் பின்அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். முன்பின் அச்சுகளின் இடைத்தூரம் 245 செ.மீ. நெம்புகோல் கணக்கில் பின்அச்சின்மேல் ஏறுவது 60 கிலோ அன்று, 82 கிலோ. முன்அச்சிலிருந்து 22 கிலோ குறைகிறது. திசைதிருப்பும் சக்கரங்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. பின் ஸ்பிரிங் தாழ, முகவிளக்கு எதிரே வருபவரின் கண்ணை நோக்கி உயர்கிறது. ஏறத்தாழ 1,700 கிலோ வண்டிக்குப் பழைய 2 சதவீதம் 34 கிலோ. கைவிடப்பட்ட அந்த எண் இன்றும் நல்ல கட்டைவிரல் அளவு.

மூன்றாவது ஸ்டெப்னி. பெரிய டயர் மாட்டுபவர் ஐந்தாவது சக்கரத்தையும் அதே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுமை பின்கதவின் கீலில் தொங்கினால், குலுங்கும் பாதையில் கீலும் கதவுத்தகடும் களைத்துப்போகும். சுழலும் தாங்கியுள்ள பம்பர் அச்சுமையைக் கதவிலிருந்து சேஸிஸுக்கு இறக்குகிறது. வெளிச்சந்தைப் பின்பம்பருக்கு இருக்கும் நேர்மையான காரணங்களில் இதுவே முதன்மையானது. நிறுவனம் தந்த டயர் அளவிலேயே இருப்பவருக்கு இக்காரணம் பொருந்தாது; அவர் தோற்றத்துக்காகத்தான் வாங்குகிறார் என்பதைத் தமக்கே ஒப்புக்கொள்வது நல்லது.

நான்காவது இழுவை. சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே இழுக்கும் விசை வண்டியின் எடையையே மிஞ்சக்கூடும். கொளுவி மாட்டும் காது பம்பரின் முகத்தகட்டில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது அணிகலன். தகட்டைத் துளைத்து உள்ளே சென்று, சேஸிஸ் முனைகளில் உயர்வலிமைப் போல்ட்டுகளால் பூட்டிய சட்டத்தோடு ஒன்றாக நின்றால்தான் அது கருவி. சுமைவண்டி இழுக்கும் உருண்டைக் கொக்கியில் மீட்புப் பட்டையை மாட்டி இழுத்து, அவ்வுருண்டை முறிந்து குண்டாகப் பறந்து உயிர்ப்பலி நேர்ந்த நிகழ்வுகள் ஆஸ்திரேலியாவில் உண்டு. கடைக்காரரிடம் பம்பரைத் திருப்பிப் போட்டு உட்புறத்தைக் காட்டச் சொல்வது ஒன்றே போதுமான சோதனை. வண்ணப்பூச்சு வெளிப்புறத்தில் பொய் சொல்லும். சேறும் உப்புநீரும் வெளியேற உள்ளறையில் துளை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவை வாங்குபவரின் நலன் பற்றியவை. பின்னால் வருபவரின் நலனைக் கடையில் யாரும் பேசுவதில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியினர். ஜீப்பின் பின்பக்கத்தில் வந்து மோதக்கூடியவர்களில் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நிறுவனம் தரும் பிளாஸ்டிக் உறை போர்த்த பம்பர் அமுங்கும், பிளக்கும். அதன் இழிவாகக் கருதப்படும் அந்தப் பண்பே மோதியவரின் எலும்பைக் காக்கிறது. 4 மி.மீ. தகட்டின் கூர்முனை காக்காது. வண்டிக்குள் இருப்பவருக்கும் முழு ஆதாயம் இல்லை: பம்பர் அமுங்காவிட்டால் இடியின் விசை சேஸிஸ் வழியே இருக்கைக்கும் கழுத்துக்கும் வருகிறது. எதிரெதிர் பெஞ்சுகள் கொண்ட பழைய ஜீப்பிலோ பின்பலகைக்கும் பயணிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. 2020-இல் குளோபல் என்காப் அமைப்பு தாருக்கு வழங்கிய நான்கு நட்சத்திரங்கள் முன்பக்க மோதலைச் சோதித்துக் கிடைத்தவை. பின்பக்கத்தைப் பற்றி அவை ஏதும் சொல்லவில்லை.

ஆகவே அமைச்சகத்தின் கவலை போலியன்று. குறை, அந்தக் கவலை வாசகமாக மாறிய விதத்தில் இருக்கிறது. மூலக் குறிப்பிலிருந்து விலகியது என்ற ஒரே தலைப்பின்கீழ், முனை உருட்டிய, சேஸிஸில் முறையாகப் பூட்டிய 30 கிலோ பம்பரும், கூர்முனையோடு பற்றவைத்த 90 கிலோ பம்பரும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் அதே 5,000 ரூபாய். வேறுபாட்டைக் கண்டு சொல்ல வேண்டிய அதிகாரிக்கு, 1939-இல் இருந்த ஒப்புதல் அதிகாரம் இப்போது இல்லை. நல்லதைச் செய்யும் பட்டறைக்காரர் அதற்கான சான்றிதழைப் பெற வழியில்லாததால், சந்தையில் அவருக்கும் மட்டமாகச் செய்பவருக்கும் விலையைத் தவிர வேறு வேறுபாடு காட்ட முடிவதில்லை. பழைய முறையில் ஊழல் இருந்திருக்கும் என்ற மறுப்பு எளிதில் எழும். இருந்திருக்கலாம். இன்றைய தடையும் சாலையோரத்தில் பேரம் பேசித்தான் தீர்க்கப்படுகிறது என்பதை நெடுஞ்சாலையில் ஜீப் ஓட்டியவர்கள் அறிவார்கள். பேரத்துக்கு முன் ஒருவராவது குனிந்து பற்றவைப்பைப் பார்த்திருப்பார் என்ற வாய்ப்புத்தான் போயிற்று.

வங்காளத்தின் மானேபஞ்சங்கிலிருந்து சந்தக்ஃபூ முகட்டுக்கு ஏறும் செங்குத்துக் கற்பாதையில் 1950-களின் லேண்ட் ரோவர்கள் சில இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. இந்த வகை வண்டிகளைச் செய்வதை சோலிஹல் ஆலை 1985-இல் நிறுத்திவிட்டது. பலவற்றின் பானெட்டுக்குள் இருப்பது மஹிந்திராவின் டீசல் எஞ்சின். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் உள்ளூர்ப் பட்டறை அடித்துக்கொடுத்ததே பாகம். மூலக் குறிப்பின்படி எதுவுமே எஞ்சாத அவ்வண்டிகளின் பின்னே சேஸிஸின் அந்தக் குறுக்குச் சட்டம் மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. முகட்டில் இறங்கும் பயணிகள் அதில் கால்வைத்து இறங்குகிறார்கள்.